பூவை மாற்றிய ஓவியர்

நுழையும்முன்

தம் விருப்பத்திற்கு வரைவது ஒருவகை. பிறர் கேட்டு வரைந்து தருவது மற்றொருவகை. பின்னதில் ஓவியரின் கண்ணோடு கேட்டவரின் கண்ணும் சித்திரத்தின்மேல் விழுகிறது. முறையாக ஓவியம் பயிலாத ஒருவர், அவ்விரு பார்வைகளுக்கும் இடையில் நின்று எதைத் திருத்தினார், எதைத் திருத்த மறுத்தார் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சாவடியிலிருந்து சித்திரத்திற்கு

பாரிசு நகரின் எல்லைச் சாவடிகளில், ஊருக்குள் வரும் சரக்குகளுக்குத் தீர்வை வாங்கும் பணியில் இருந்தவர் ஆன்றி ரூசோ. (சமூக ஒப்பந்தக் கொள்கையை எழுதிய தத்துவ அறிஞர் ரூசோ வேறு, இவர் வேறு.) 1844ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லவால் என்னும் ஊரில் பிறந்த இவர், எந்த ஓவியப் பள்ளியிலும் பயின்றவர் அல்லர். 1884இல் லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைவதற்கு இசைவு பெற்றார். 1886 முதல், தேர்வுக்குழு இல்லாத ‘சுதந்திர ஓவியர் கண்காட்சி’யில் தம் படங்களை வைத்தார். பார்த்தவர்களுள் பலர் சிரித்தனர். இவரைச் ‘சுங்க அதிகாரி’ என்னும் பட்டப்பெயரால் அழைத்தனர். உண்மையில் அவர் அதிகாரியும் அல்லர். சாவடியில் தீர்வை வாங்கும் சிறு பணியாளரே.

1893இல் பணியிலிருந்து விலகிய பிறகு கிடைத்த ஓய்வூதியம் சிறிதாகவே இருந்தது. ஓவியமும் வயலினும் கற்றுக்கொடுத்தார். அக்கம்பக்கத்தாரின் உருவங்களையும் வரைந்து கொடுத்தார். அவரே விரும்பி வரைந்த பெரிய படங்களை வாங்குவார் அரிதாகவே இருந்தனர். இன்று உலகப் புகழ்பெற்ற ‘உறங்கும் நாடோடிப் பெண்’ என்னும் ஓவியத்தை வாங்கிக்கொள்ளுமாறு 1898இல் பிறந்த ஊரின் நகரத்தலைவருக்குக் கடிதம் எழுதினார். ஊர் அதனை ஏற்கவில்லை. யாரும் கேட்காமல் வரைந்ததற்குக் கிடைத்த மறுமொழி அது. கேட்டு வரைந்தவற்றின் கதை வேறு.

வண்டியும் நாயும்

ரூசோவின் வீட்டுக்கு அருகே யூனியே என்னும் காய்கறி வணிகர் கடை வைத்திருந்தார். அக்கடையில் ஓவியருக்குக் கடன் ஏறியிருந்தது. அதனைத் தீர்ப்பதற்காக 1908இல் யூனியே குடும்பம் குதிரை வண்டியில் அமர்ந்திருக்கும் காட்சியை வரைந்து கொடுத்தார். ஒரு நிழற்படத்தை முன்வைத்துத்தான் வரைந்தார். ஆனால், அதனை அப்படியே பின்பற்றவில்லை. முன்வரிசையில் வைக்கோல் தொப்பியுடன் தாமும் அமர்ந்துகொண்டார்.

வண்டிக்கு அடியில் கரிய நாய் ஒன்று நிற்கிறது. அதன் உருவம் வண்டிக்கும் குதிரைக்கும் பொருந்தாத அளவு பெரிது. அப்போது ரூசோவின் அறைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த அமெரிக்க ஓவியர் மாக்சு வெபர், நாய் மிகவும் பெரியதாக அமைந்துவிட்டதே என்று சுட்டிக்காட்டினார். இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ரூசோ கூறிவிட்டார். கடனுக்கு வரைந்த படம். சுட்டிக்காட்டியவரோ முறையாகப் பயின்ற ஓவியர். இருந்தும் நாய் சிறுக்கவில்லை.

இதனைக் கொண்டு அவரைப் பிடிவாதக்காரர் என்று முடிவு செய்துவிடலாகாது. அடுத்த ஆண்டு நிகழ்ந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கவிஞரும் கலைத்தேவதையும்

கவிஞர் கியோம் அப்பொலினேர், ரூசோவின் நண்பர். அவரையும் அவருடைய அன்புக்குரிய ஓவியர் மரி லோரன்சனையும் ஒரே படத்தில் வரையும் பணி 1909இல் ரூசோவுக்கு வந்தது. ‘கவிஞருக்கு ஊக்கமளிக்கும் கலைத்தேவதை’ என்பது அப்படத்தின் பெயர்.

ஓவியர் வேலையைத் தொடங்கிய விதத்தைக் கவிஞரே பின்னாளில் எழுதிவைத்துள்ளார். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல ரூசோ அவருடைய மூக்கு, வாய், காது, நெற்றி, கை என ஒவ்வொன்றையும் அளந்தார். அவ்வளவுகளைத் துணிச்சட்டத்திற்கு ஏற்பச் சுருக்கிக் குறித்துக்கொண்டார். வரையும்போது தம் இளமைக்காலப் பாட்டுகளையும் பாடினார். பயிற்சி இல்லாதவருக்கு அளவுகோல் ஒரு துணை. கண் தவறினாலும் கோல் தவறாது என்னும் நம்பிக்கை அதில் இருக்கிறது. ஆயினும் முடிந்த படத்தில் கவிஞரின் சாயல் ஓரளவே வந்தது. மெலிந்த உடலினரான லோரன்சன் பருத்த உருவினராகக் கை உயர்த்தி நிற்கிறார். அளந்து அளந்து வரைந்தவர் இப்படி வரைந்தது ஏன்? அளவு அவருக்குத் தொடக்கமே தவிர முடிவன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. பெரிய நாயை வரைந்த கைதான் பெரிய தேவதையையும் வரைந்தது.

இரண்டாம் சித்திரம்

படத்தின் அடிப்பகுதியில், இருவரின் காலடியில், ஒரு வரிசைப் பூச்செடிகள் உள்ளன. அங்கே ஒருவகைக் கார்னேஷன் பூக்களை வரைய ரூசோ எண்ணியிருந்தார். பிரெஞ்சு மொழியில் அப்பூவின் பெயரே ‘கவிஞரின் கார்னேஷன்’ என்பதாகும். ஆனால், அவர் வரைந்து முடித்தது ஜிரோஃப்ளே என்னும் வேறொரு செடி. தவற்றை உணர்ந்ததும் அதே காட்சியை வேறொரு துணியில் முழுவதுமாக மீண்டும் வரைந்தார்.

உலர்ந்த எண்ணெய் வண்ணத்தின்மேல் மீண்டும் தீட்ட முடியும். ரூசோவுக்கு அது பழகிய செயலே. 1890இல் தம்மையே வரைந்துகொண்ட படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் தொட்டிருக்கிறார். கையிலுள்ள வண்ணப்பலகையில் தம் மனைவியர் இருவரின் பெயர்களையும் எழுதினார். இரண்டாம் திருமணம் நடந்தது 1899இல்தான் என்பதிலிருந்து அந்தப் படம் எத்தனை காலம் முடியாமல் இருந்தது என்று அறியலாம். அவ்வாறே, பூ வரிசையை மட்டும் அழித்து எழுதியிருந்தால் துணியும் வண்ணமும் உழைப்பும் மிச்சமாகியிருக்கும். கடைக்கடனைப் படத்தால் தீர்த்த ஏழை ஓவியருக்கு அது சிறிய மிச்சம் அன்று. அவர் அதனைச் செய்யவில்லை.

நாயின் அளவு பொருந்தவில்லை என்றபோது அசையாதவர், எவரும் எளிதில் கவனிக்காத ஒரு பூவுக்காக ஒரு மீட்டருக்கும் மேல் உயரமுள்ள படத்தை மறுமுறை வரைந்தார். நாயின் உருவம் அவருடைய தேர்வு, அதில் பிழையில்லை. பூவோ கவிஞருக்குச் சொல்ல நினைத்த சொல். செடி மாறியதும் அச்சொல்லே மாறிவிட்டது. பார்ப்பவர் குறை என்று கருதியதும் அவர் பிழை என்று கருதியதும் ஒன்றாக இல்லை. கேட்டு வாங்குவோர் பெரும்பாலும் கவலைப்படும் முகச்சாயல் அவரை அந்த அளவுக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை.

தெரியுமா?

ரூசோ வரைந்த ஒரு பெண்ணின் பெரிய உருவப்படத்தைப் பிகாசோ 1908இல் பழம்பொருள் விற்பவரிடம் 5 பிராங்குக்கு வாங்கினார். அதன்மேல் வேறு படம் வரைந்துகொள்ளலாம் என்று சொல்லியே விற்பவர் அதனை விற்றார். பிகாசோ அதன்மேல் வரையவில்லை. இறுதிவரை தம்மிடமே வைத்திருந்தார். அதே ஆண்டு தம் அறையில் ரூசோவுக்கு ஒரு விருந்தும் அளித்தார்.

1910இல் ரூசோ மறைந்தார். செடி தவறிய முதல் படம் இன்று மாசுகோவிலுள்ள புசுகின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாவது படம் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இரண்டின் அச்சுப்படிகளும் கிடைத்தால் அருகருகே வைத்துப் பாருங்கள். உருவங்களிலும் மரங்களிலும் சில சிறு வேறுபாடுகள் தென்படும். தேவதை இரண்டிலும் பருத்த உருவினர்தாம். பிறகு கண்ணைக் கீழே இறக்கிப் பூக்களின் வரிசையைப் பாருங்கள்.