குட்டிப் பாம்புக்கு விஷம் இருக்குமா?

கேள்வி: ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கும்போது, புல்லோரம் ஒரு சாண் நீளப் பாம்புக்குட்டியைப் பார்த்தேன். முதுகில் சங்கிலி கோத்ததுபோல் பழுப்புப் புள்ளிகள். “குட்டிக்கு விஷம் கிடையாது” என்றார் உடன் வந்தவர். உண்மையா?
– வாசகி, ஆவடி

பதில்: இல்லை அம்மா, தயவுசெய்து அதை நம்பாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் கண்ணாடி விரியனுடையது. அது முட்டையிடாது, குட்டி போடும்; ஓர் ஈற்றில் இருபது, நாற்பதுகூடப் பிறக்கும். பிறந்த அன்றே ஒவ்வொன்றுக்கும் பல்லும் விஷமும் உண்டு. பெரியதைவிடக் குட்டிதான் ஆபத்து என்பாரும் உண்டு. அதையும் ஏற்க வேண்டாம். பெரிய பாம்பால் அதிக விஷத்தைச் செலுத்த முடியும்.

விஷமில்லாத மண்ணுளிப் பாம்பில் ஒரு வகையும் ஏறக்குறைய இதே தோற்றம்தான். ஆனால் அதைச் சோதித்துப் பார்ப்பது நம் வேலையல்ல. நான்கடி பின்வாங்கி வழி விடுங்கள். அடிக்கப் போனால் கடிபடும் ஆபத்து உண்டு. அம்பத்தூர், பூந்தமல்லி ஏரிக்கரைகளில் எலி இருக்கும்வரை விரியனும் இருக்கும்; இருட்டில் டார்ச்சும் மூடிய காலணியும் அவசியம்.

கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. இங்கே தரப்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொது. சிறு குழாயில் ரத்தம் எடுத்து, 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் உடனே மருந்து ஏற்றுவார்கள்.