இல்லக் கணினியில் லினக்ஸ் நிறுவும் முறை

கணினி என்பது கண்ணாற் காணும் கருவி மாத்திரமன்று. அக்கருவியை எழுப்பி, விசைப்பலகையும் திரையும் வட்டும் ஒன்றோடொன்று இயையுமாறு நடத்துவதோர் அடிப்படை நிரல் உண்டு. அதனை இயக்குதளம் என்பர். கருவி பழுதின்றியிருப்பினும் இயக்குதளம் காலங்கடந்ததாயின், கணினியும் பயனற்றதென மூலையில் ஒதுக்கப்படுகின்றது. பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் தோட்டத்து இல்லங்கள் பலவற்றில் இன்று இந்நிலையைக் காண்கின்றோம். விண்டோஸ் 10 இயக்குதளத்திற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்போ பழைய கருவிகள் பலவற்றை ஏற்பதில்லை. கொழும்பிலே தொழில் பார்க்கும் பிள்ளை வாங்கியளித்த மடிக்கணினியை இதனால் எறிந்துவிடல் வேண்டுமா? வேண்டா. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியைப் பட்டுப்போயிற்று என்று பிடுங்குவாருளரோ?

பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கியதே லினக்ஸ். 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த க்னூ முயற்சியின் நிரல்களோடு அது சேர்ந்து முழுமை பெற்றது. எவரும் விலையின்றிப் பெறலாம், பிறர்க்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம், அது களவாகாது. இதன் வழிவந்த தொகுப்புகள் பலவுள. ஹந்தான என்னும் பெயரால் இலங்கையிலும் ஒன்று உருவானது. புதியோர்க்கு யாம் லினக்ஸ் மிண்டையே பரிந்துரைப்போம்; அதன் திரையமைப்பு விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது. 64 பிட் கணினியும், குறைந்தது 2 ஜிபி நினைவகமும், வட்டில் 20 ஜிபி இடமும் வேண்டும். நினைவகம் 4 ஜிபி ஆயின் நலம்.

முதற்கண் படங்கள், சான்றிதழ்ப் பிரதிகள், பாடக்குறிப்புகள் அனைத்தையும் வேறோர் வட்டில் நகல் செய்க. பின்னர் மிண்டின் கோப்பை இணையத்திலிருந்து இறக்குக. அது ஏறத்தாழ 3 ஜிபி அளவினது. தோட்டத்தில் அலைவரிசை நலிந்திருப்பின் பதுளை நகரில் நண்பர் இல்லத்தில் இறக்குதலே நன்று. அக்கோப்பைப் பென் டிரைவில் வெறுமனே நகல் செய்தாற் போதாது; ரூபஸ் போன்ற நிரலால் எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதுங்கால் பென் டிரைவில் முன்பிருந்தவை அழியும் என்பதை மறவற்க.

கணினியை நிறுத்தி, பென் டிரைவைச் செருகி, மீண்டும் இயக்குங்கால் எப்12 விசையை அழுத்துக. சில கருவிகளில் அது எப்9, சிலவற்றில் எஸ்கேப். தோன்றும் பட்டியலில் பென் டிரைவைத் தெரிந்தால், எதனையும் நிறுவாமலே லினக்ஸ் திரையில் எழும். இஃதோர் அரிய வசதி. ஒலி கேட்கின்றதா, வைபை இயங்குகின்றதா என இப்பொழுதே சோதித்தறிக. வைபை இயங்காவிடின், கைத்தொலைபேசியைக் கம்பியால் இணைத்து அதன்வழி இணையம் பெறலாம். ஊவாவின் இடைப்பருவ மழைக்காலப் பிற்பகலில், இடி முழங்க, மின்கலம் செத்த மடிக்கணினியில் இவ்வேலையைத் தொடங்கலாகாது. நடுவே மின்சாரம் அற்றுப்போயின் வட்டு அரைகுறையாய் நிற்கும்.

திரையிலுள்ள நிறுவற் படத்தை அழுத்தியபின், மொழி, விசைப்பலகை, கொழும்பு நேரம் முதலியவற்றுக்கு விடையளித்தல் எளிது. கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்றே. வட்டினை முற்றாக அழித்து நிறுவுவதா, விண்டோஸின் அருகே நிறுவுவதா என்று நிரல் வினவும். முதலாவதைத் தெரிந்தால் பழையன யாவும் போம், மீளா. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையுள்ள வீட்டில், பரீட்சை முடியும்வரை இரண்டையும் அருகருகே வைத்தலே தக்கது. விண்டோஸில் பிட்லொக்கர் பூட்டு இடப்பட்டிருப்பின் அதன் மீட்புச் சாவியை முன்னரே எழுதிவைத்துக்கொள்க.

இனித் தமிழ். எம்போன்ற ஆசிரியர்க்கு இதுவே பெருஞ்சிக்கல். இந்நாட்டில் வினாத்தாள்கள் பல்லாண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டன. பாமினியில் ‘அம்மா’ எனத் தோன்றுவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் வரிசையே; மேலே தமிழ் வடிவம் போர்த்தப்பட்டுள்ளது. லினக்ஸில் அவ்வெழுத்துரு இல்லாவிடின் போர்வை நீங்கி அக்குறிகளே தெரியும். கோப்புக் கெட்டுவிட்டதென அஞ்சுதல் வேண்டா. எழுத்துருவை நிறுவினால் தமிழ் மீளும். ஆயினும், தேடவும் பகிரவும் இயலுமாறு பழையவற்றை மாற்றி நிரலால் ஒருங்குறிக்குக் கொணர்தலே சிறப்பு.

புதிதாகத் தட்டுவனவற்றை ஒருங்குறியிலேயே தட்டுக. மிண்டின் உள்ளீட்டு முறைப் பகுதியில் தமிழுக்கென ஐபஸ் நிறுவினால், தமிழ்99, ரெங்கநாதன் முதலிய விசைப்பலகைகள் கிடைக்கும். ரெங்கநாதனின் விசைகள் பாமினியின் விசைகளோடு பெரும்பாலும் ஒத்திருத்தலின், பாமினி பழகிய விரல்கள் சில நாளில் இணங்கிவிடும். எழுதுவதற்கு லிப்ரே ஆபிஸ் உடன் வருகின்றது. வேர்ட் கோப்புகளையும் அது திறக்கும். அட்டவணை மிகுந்த வினாத்தாள்களில் மாத்திரம் வரிகள் சற்றே இடம் பெயரக்கூடும். ஆதலின் அச்சிடுமுன் பக்கந்தோறும் பார்த்தல் நன்று.