பிடித்த வேலைக்கு விலை போடுவது எப்படி?

2020 மார்ச் 18-இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பல குடும்பங்கள் தவித்துப் போயின. எங்க வீடும் அதில் ஒன்று. அக்காவுக்கு ஆரி வேலைன்னா உயிர். அதையே தொழிலாக்கினாங்க. ரவிக்கைக்கு 80 வெள்ளி. தீபாவளிக்கு ஆர்டர் குவிந்தது, ஆனா கையில் காசு நிக்கலை.

நான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். (பொறியியல் படிப்பு இதுக்காவது உதவட்டுமே!) துணி, மணி, நூல் 35 வெள்ளி. மீதி 45. ஒரு ரவிக்கைக்கு 18 மணி நேரம் ஆகுது. அப்படின்னா மணிக்கு 2 வெள்ளி 50 காசு! அந்த வருஷம் நகரங்களில் குறைந்தபட்ச சம்பளமே மணிக்கு 5 வெள்ளி 77 காசு. அந்தக் கூலியைச் சேர்த்தாலே விலை 139 வெள்ளி வருது.

"தெரிஞ்சவங்ககிட்ட எப்படிடா கேக்கறது?" என்று அக்கா தயங்கினாங்க. கடைசியில் 140 என்று சொன்னோம். பாதிப் பேர் திரும்ப வரலை, உண்மைதான். ஆனா முன்பு 10 ரவிக்கைக்கு மிஞ்சியது 450 வெள்ளி. இப்போ 5 ரவிக்கைக்கே 525. தூக்கமும் மிச்சம்.

நீங்களும் தொடங்கப் போறீங்களா? தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்-இல் பதிவு செய்யணும். சொந்தப் பெயரில் என்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் என்றால் 60. அதையும் விலைக் கணக்கில் சேர்த்துக்கோங்க.