டெஸ்ட்டில் புதுத் தேதி, புரொடக்‌ஷனில் பழைய தேதி

கேள்வி: டெஸ்ட் சர்வரில் சரியாக வரும் விற்பனை ரிப்போர்ட், புரொடக்‌ஷனில் ஏற்றியதும் பழைய தேதியையே காட்டுகிறதே, ஏன்?
- ஒரு வாசகர், சால்ட் லேக் செக்டார் 5, கொல்கத்தா

பதில்: மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.எஸ்.ஆர்.எஸ். என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாராமீட்டரைத்தான். மறுபடி ஏற்றும்போது ரிப்போர்ட்டின் வடிவமைப்பு மாறும். சர்வரில் ஏற்கெனவே பதிவான பாராமீட்டரின் டீஃபால்ட் மதிப்பு அப்படியே இருக்கும். மார்ச் 31 என்று பதிந்திருந்தால், ஏப்ரலில் புது நிதியாண்டு பிறந்த பிறகும் அதுவேதான். வெப் போர்ட்டலில் போய்க் கையால் திருத்துவது உத்தமம். பழையதை அழித்துவிட்டு ஏற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் அதோடு சப்ஸ்கிரிப்ஷன்களும் போய்விடும், மறுநாள் காலை மேலாளருக்கு மெயில் வராது!

டேட்டா சோர்ஸும் இப்படித்தான். ‘ஓவர்ரைட் டேட்டாசோர்சஸ்’ டீஃபால்ட்டாக ‘ஃபால்ஸ்’. புரொடக்‌ஷன் ரிப்போர்ட் டெஸ்ட் டேட்டாபேஸை எட்டிப் பார்க்காமல் காப்பது அதுதான். மாற்றாமல் விடுவதே நல்லது.

பவர் பிஐ பைப்லைனில் கதை வேறு. அது மாடலை நகர்த்தும், டேட்டாவை நகர்த்தாது. புரொடக்‌ஷனில் ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்த பிறகே எண்களை ஒப்பிட வேண்டும்.