பூட்டை எங்க போடுறது?

அரியலூர் பக்கம் சிமெண்ட் பத்தி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். 43 கிரேடு, 53 கிரேடுன்னு மூட்டை மேலேயே போட்டிருக்கும். 53-ஐப் பொதுவா இன்னும் நைஸா அரைக்கணும், கரண்ட் அதிகம் ஆகும். அதனால விலை கூடன்னு சொன்னா ஒத்துக்கலாம்.

சாஃப்ட்வேர்ல கதை தலைகீழ். பெரம்பலூர்ல பி.காம் படிக்கிற என் பெரியப்பா பொண்ணு டேலி பழகுறா. அவ போடுற பில் எல்லாமே 1, 2, 31 தேதியிலதான் இருக்கும். கேட்டா, "மத்த தேதி எடுக்காதுண்ணா" என்றாள். அதுதான் எஜுகேஷனல் மோடு, இலவசம். காசு கட்டி லைசென்ஸ் போட்டா அதே சாஃப்ட்வேர்ல எல்லா தேதியும் திறக்கும். சில்வர் ஒரு ஆளுக்கு. கோல்டு, ஒரே நெட்வொர்க்ல எத்தனை பேருக்கும். விலை கிட்டத்தட்ட மூணு மடங்கு.

அதாவது விலை குறைஞ்ச எடிஷன்ல சரக்கு குறையல. முழுசா செஞ்சுட்டு, மேல ஒரு பூட்டு போட்டிருக்காங்க. அந்தப் பூட்டுக்கும் ஒரு புரோகிராமர் உட்கார்ந்து கோடு எழுதியிருக்கணும்!

ஏன் இந்த வேலை? எழுதி முடிச்ச சாஃப்ட்வேருக்கு இன்னொரு காப்பி எடுக்க செலவே இல்லாத மாதிரிதான். ஒரே விலைன்னா, அது கூடுதலா இருந்தா மளிகைக் கடைக்காரர் வாங்க மாட்டார். குறைவா இருந்தா எழுதின செலவு திரும்பாது. "உங்களால எவ்வளவு தர முடியும்?"னு கேட்டா எல்லாரும் பஞ்சப்பாட்டுதான் பாடுவாங்க. அதனால "எத்தனை கம்ப்யூட்டர்?"னு கேக்குறாங்க. பதில்லயே ஆள் தெரிஞ்சுடும். பழகுறவளுக்கு மூணு தேதி போதும், அதை வெச்சு கடை நடத்த முடியாது. நல்ல பூட்டு.

மட்டமான பூட்டும் உண்டு. 2009-ல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்ல வால்பேப்பரைக்கூட மாத்த முடியாது. இதைப் படிச்சப்ப ரயில் ஞாபகம்தான் வந்தது (பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது, அது தனி சோகம்). 1849-லேயே பிரெஞ்சு இன்ஜினியர் துப்புயி இதைப் பத்தி எழுதிட்டார். மூணாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாதது செலவுக்குப் பயந்து இல்ல; ரெண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிஞ்சவன் மூணாவதுல ஏறிடக் கூடாதுன்னுதான். நனையுறது என்னவோ ஏழை.

இப்ப எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். சின்ன வெங்காய வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுற ஆப். பேஸிக் இலவசம், ப்ரோவுக்குக் காசுன்னு முடிவாச்சு. டீம்ல ஒருத்தன், "தமிழை ப்ரோவுல வெச்சுடலாம், எல்லாரும் கட்டாயம் வாங்குவாங்க" என்றான். கணக்குப்படி அவன் சொன்னது தப்புன்னு எனக்குப் பட்டது. தமிழ் இல்லாம முடியாதுன்னு நிக்கப் போறது செட்டிக்குளத்துல ஒத்தை ஆளா எடை போடுறவர். பத்து லாரி அனுப்புறவர் ஆபீஸ்ல இங்கிலீஷ் தெரிஞ்ச அக்கவுண்டன்ட் இருப்பார். காசு இருக்கிறவர் ஃப்ரீயா போயிடுவார், இல்லாதவர்தான் மாட்டுவார்.

ரெண்டு நாள் சண்டைக்கு அப்புறம் பூட்டு ரெண்டாவது போனுக்கு மாறிச்சு. ஒரு போன்னா இலவசம், தமிழும் சேர்த்து.

ரிவ்யூ அடுத்த வாரம்.