பதிவேட்டில் விடுபட்டவர்கள்
நெடுநாள் உடல்நல ஆய்வும் மனநல மருத்துவமும்



ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமோ படித்த பொறியாளன். மருத்துவம் படித்தவன் அல்லன். ஆயினும் மனநல ஆய்வுகளைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

நெடுநாள் ஆய்வு என்றால் என்ன?

ஒரு தண்டவாளத்தை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிவிட முடியாது. கீமேன் நாள்தோறும் நடந்து பார்க்கிறார். குறித்த கால இடைவெளியில் அல்ட்ராசோனிக் கருவியை ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத உள் விரிசலைத் தேடுகிறோம். போன முறை எடுத்த அளவோடு இம்முறை அளவை ஒப்பிட்டால்தான் விரிசல் வளர்கிறதா, நிற்கிறதா என்பது தெரியும்.

மனிதர்களிடமும் இதே முறையைக் கையாள்வதுதான் நெடுநாள் ஆய்வு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரேமிங்காம் என்ற ஊரில் 1948இல் 5,209 பேரைச் சேர்த்து இத்தகைய ஆய்வைத் தொடங்கினார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை அவர்களைப் பரிசோதித்தார்கள். இரத்த அழுத்தமும் கொழுப்பும் புகைப்பழக்கமும் இதயநோய்க்கு வழிவகுக்கின்றன என்று இன்று நாம் சர்வசாதாரணமாகப் பேசுவதற்கு அந்த ஊர் மக்களின் பொறுமை ஒரு முக்கிய காரணம்.

மனநலத் துறையில் இப்படிப்பட்ட ஆய்வு நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. மனச்சிதைவு நோய் முதன்முதலாகத் தாக்கிய 90 பேரை 1981 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். டாக்டர் ஆர். தாராவும் அவருடன் பணியாற்றியோரும் பத்தாண்டு முடிவில் 76 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. 'இந்த நோய் வந்தால் வாழ்க்கையே முடிந்தது' என்ற எண்ணம் தவறு, பலர் நல்ல நிலைக்குத் திரும்புகிறார்கள் என்பதை இந்த ஆய்வு காட்டியது.

கோலார் மாவட்டத்திலும் ஒன்று நடக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆய்வு மையம், ஸ்ரீனிவாசபுரம் வட்டத்துக் கிராமங்களில் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 10,000 பேரைச் சேர்த்துப் பல்லாண்டு கவனிப்பது என்ற திட்டத்துடன் 2018இல் இறங்கியது. முதுமையில் நினைவு ஏன் தேய்கிறது என்பதே அதன் முக்கியக் கேள்வி. இரத்தம், நினைவாற்றல் ஆகியவற்றோடு மனச்சோர்வையும் சோதிக்கிறார்கள்.

பொறுத்திருந்து பார்ப்பது தங்கவயல்காரர்களுக்குப் புதிதன்று. 1965இல் நம் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில், விஞ்ஞானிகள் நாள்கணக்கில் காத்திருந்துதான் நியூட்ரினோ துகளின் தடயத்தைக் கண்டார்கள்.

வராதவர்கள் கணக்கு

இனிதான் பாடத்தின் முக்கியமான பகுதி. சென்னை ஆய்வில் பத்தாம் ஆண்டில் 14 பேரைப் பரிசோதிக்க இயலவில்லை அல்லவா? எந்த நெடுநாள் ஆய்விலும் சிலர் விடுபடுவார்கள். விடுபடுகிறவர்கள் யார் என்பதே கேள்வி. மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விடுபடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 100 பேர். அவர்களில் 10 பேருக்கு மனச்சோர்வு. அந்தப் பத்தில் 2 பேர் மட்டுமே மருத்துவரிடம் போகிறார்கள். ஆய்வுக் குழு வருகிறது. நலமாக உள்ள 90 பேரில் 81 பேர் கலந்துகொள்கிறார்கள். நோயுள்ள 10 பேரில் 5 பேர்தான் வருகிறார்கள். மருத்துவமனைக்குப் போய்ப் பழகிய அந்த இருவரும் இந்த ஐவரில் அடக்கம்.

இப்போது ஆய்வேடு என்ன சொல்லும்? கலந்துகொண்ட 86 பேரில் 5 பேருக்கு நோய். அதாவது 100க்கு 6க்கும் குறைவு. உண்மையோ 10. நோயுள்ள ஐவரில் இருவர் சிகிச்சை பெறுகிறார்கள். அதாவது 100க்கு 40. உண்மையோ 20. ஆக, இரண்டு பிழைகளும் ஒரே பக்கம் சாய்கின்றன. நோய் குறைவாகவும் சிகிச்சை அதிகமாகவும் தோன்றுகிறது. இதைப் பார்த்துவிட்டு 'இந்த ஊருக்கு மனநல மருத்துவர் எதற்கு?' என்று ஓர் அதிகாரி கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா? பழுதான பகுதியில் ட்ராலி ஏறாது என்று விட்டுவிட்டு, மற்ற பகுதிகளை மட்டும் பார்த்து 'பாதை சீர்' என்று கையெழுத்திடுவது போன்றதுதான் இது.

நம் நாட்டின் உண்மை நிலை சிறிதன்று. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. அதற்கு முன்னோட்டம் பார்த்தது நம் கோலார் மாவட்டத்தில்தான். வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமல் இருப்பதாகவும் அது கண்டது.

நான் செய்த தவறு

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. என் அண்ணன் சுரங்கத் தொழிலாளி. சில மாதங்களில் அவர் பேச்சைக் குறைத்தார். பிறகு லைன் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தினார். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. 'வேலை போன கவலை' என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒருநாள் வீடு வீடாக உடல்நலக் கணக்கெடுப்பு எடுக்க இரண்டு பெண்கள் வந்தார்கள். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நான்தான் வாசலில் நின்றேன். "வீட்டில் வேறு பெரியவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். அக்கம்பக்கத்தார் காதில் விழுமே என்று அஞ்சி, "அண்ணன் ஊரில் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தண்டவாளத்தில் ஒரு விரிசலை மறைத்தவனை நான் வேலையில் வைத்திருக்க மாட்டேன். வீட்டில் நானே மறைத்தேன்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் கழித்தே அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாத்திரையும் ஆலோசனையும் சில மாதங்களில் பலன் தந்தன. தேறிய பிறகு ஒருநாள் அவர் கேட்டார்: "ஏன்டா தம்பி, அன்னைக்கு நான் இல்லேன்னு சொன்னே? உள்ளே கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்." என்னிடம் பதில் இல்லை.

வாசகர்கள் செய்யக்கூடியவை

1. ஆய்வுக் குழு வந்தால் எந்த நிறுவனம், எதற்காக, எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். புரிந்த மொழியில் விளக்கி, சம்மதம் பெற்ற பிறகே தொடங்க வேண்டும். விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். சொல்லும் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும்.

2. வீட்டில் ஒருவர் சோர்ந்து கிடந்தால் அவரை மறைக்காதீர்கள். சேர்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

3. நம்மவர்களில் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பகலில் வருகிறவர்களுக்குப் பூட்டிய கதவுதான் தெரியும். எந்த நேரம், எந்த நாள் வந்தால் காணலாம் என்று அண்டை வீட்டார் சொல்லி உதவலாம்.

4. ஆய்வு என்பது சிகிச்சை அன்று. கேள்விகளுக்குப் பதில் சொன்னதோடு கடமை முடிந்ததாக எண்ண வேண்டாம். மனச்சோர்வு இருக்கலாம் என்று சொன்னால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தந்துள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணனிடம் படித்துக் காட்டி அனுமதி கேட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "போடு. பேரை மட்டும் போடாதே" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தப் பொண்ணுங்க மறுபடி வந்தா என்னைக் கூப்பிடு" என்றார்.