உதய்ப்பூருக்கு மூன்று நாள் போதுமா?

கேள்வி: பெற்றோருடன் உதய்ப்பூர் செல்ல நினைக்கிறோம். எப்போது போகலாம்? எங்கே தங்கலாம்?
- வாசகி, மதுரை

பதில்: மூன்று நாள் போதும். அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் கடுமை. பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் அவசியம். மழை பொய்த்த ஆண்டில் அங்குள்ள ஏரியில் நீர் குறைந்துவிடும் என்பதால், கிளம்புமுன் விடுதியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிச்சோலா ஏரியை ஒட்டிய பழைய நகரில் தங்கினால் அரண்மனை, ஜகதீஷ் கோயில் எல்லாம் நடக்கிற தூரம். ஆனால் சந்துகள் குறுகல். பல இடங்களுக்குக் கார் வராது. பழைய ஹவேலி (மாளிகை) விடுதிகள் சிலவற்றில் லிஃப்ட் இருக்காது. தரைத்தள அறையைக் கேட்டு வாங்குங்கள்.

சிட்டி பேலஸைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்; உள்ளே படிகள் அதிகம். மாலையில் படகில் ஜக் மந்திர் தீவுக்குப் போய் வரலாம். ஏரி நடுவே தெரியும் வெள்ளை மாளிகை இப்போது நட்சத்திர ஹோட்டல். விருந்தினர் அல்லாதோர் சும்மா சுற்றிப் பார்க்க முடியாது. பாகோர் கி ஹவேலியில் மாலை நேர நாட்டுப்புற நடனத்தைத் தவறவிடாதீர்கள்.

ஒரு நாளைக் கும்பல்கருக்கும் ரணக்பூருக்கும் ஒதுக்குங்கள். காலையில் கும்பல்கர் கோட்டை, பிறகு ரணக்பூர் சமணக் கோயில் என்ற வரிசைதான் சரி. அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு நண்பகலுக்குப் பிறகுதான் அனுமதி. தோல் பெல்ட், பர்ஸ் வேண்டாம்.

தீபாவளி விடுமுறையில் கூட்டம் அலைமோதும். அப்போது போவதென்றால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.